குழந்தைப் போர்வைக்கு விலங்குச் சதுரம்: எந்த முறையில் பின்னலாம்?

குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காகப் போர்வை பின்னுகிற குழுக்களில் இப்போது விலங்கு முகம் வைத்த கிரானி ஸ்கொயருக்குத்தான் ஆசை அதிகம். குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னலில் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சதுரம் அது. நியாயமான ஆசைதான். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையின் போர்வையில் ஒரு கரடியோ முயலோ இருந்தால், பிள்ளை அதற்குப் பேர் வைக்கும், அதோடு பேசும், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் காட்டும். அந்தக் கரடியைச் சதுரத்துக்குள் கொண்டுவர நாலைந்து வழிகள் இருக்கின்றன. நூல் செலவு, நேரம், துவைப்பைத் தாங்கும் உறுதி எல்லாமே வழிக்கு வழி மாறும். நம் வீட்டுப் போர்வை என்றால் பிடித்ததைப் பின்னலாம், பிய்ந்தால் நாமே தைத்துக்கொள்வோம். கொடுத்துவிட்ட போர்வையைத் தைக்கப் பெரும்பாலும் ஆள் இருக்காது. அதனால் ஐம்பது துவைப்புக்குப் பிறகும் அந்த விலங்கு இருக்குமா என்பதை வைத்துத்தான் நான் எல்லா முறைகளையும் எடைபோடுகிறேன்.

முதலில், பலரும் விரும்பித் தொடங்கும் முறை. சாதா சதுரத்தைத் தனியாகப் பின்னி, விலங்கின் முகம், காது, மூக்கு எல்லாவற்றையும் வேறாகப் பின்னி மேலே வைத்துத் தைப்பது. அப்ளிக் என்பார்கள். குழுவாகச் செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் சதுரத்தை மட்டும் பின்னலாம், கை தேர்ந்தவர்கள் முகங்களைச் செய்யலாம். எந்த விலங்கு வேண்டுமானாலும் வரும். யானைக்குத் தும்பிக்கை, அணிலுக்கு வால், கிளிக்கு வளைந்த மூக்கு என்று எதற்கும் தடை இல்லை. போட்டோவில் பார்க்க இதைவிட அழகான முறை கிடையாது.

தொல்லை துவைக்கும்போது தொடங்குகிறது. மேலே வைத்துத் தைத்த துண்டும் அடியில் இருக்கும் சதுரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, ஒரே அளவில் நீள்வதும் இல்லை. சில துவைப்பிலேயே காதின் ஓரம் எழும்பும். எழும்பிய ஓரத்துக்குள் குழந்தையின் விரல் போகும், இழுக்கும். தையல் நூல் ஒரு இடத்தில் அறுந்தால் போதும், முகம் பாதி தொங்க ஆரம்பிக்கும். முகம் இருக்கும் இடம் இரண்டு அடுக்காகத் தடித்துவிடுவதால் காயவும் நேரமாகும். அப்ளிக்தான் வேண்டும் என்பவர்கள் காதை மட்டுமாவது தொங்கவிடாமல் ஓரம் முழுக்க நெருக்கித் தைக்க வேண்டும். அப்படி நெருக்கித் தைப்பதற்குச் சதுரம் பின்னும் நேரத்தைவிடக் கூடுதல் நேரம் ஆகிவிடுகிறது.

இரண்டாவது முறையில் முகமே சதுரத்தின் நடு. வட்டமாகத் தொடங்கி, அந்த வட்டத்தையே முகமாக வைத்துக்கொண்டு, காதுகளை அதன் மேலேயே பின்னிவிட்டு, பிறகு வட்டத்தைச் சதுரமாக மாற்றுவது. நான் எல்லோரிடமும் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகத்தின் நிறத்தில் முதல் சுற்றில் 12 டபுள் குரோஷே (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு பின்னும் கண்ணி; இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள்), இரண்டாவதில் 24, மூன்றாவதில் 36. நடுத்தரத் தடிமன் நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் என்றால் ஏறக்குறைய மூன்றரை அங்குல வட்டம் கிடைக்கும். இந்த மூன்றாம் சுற்றின் ஒவ்வொரு கண்ணிக்கும் மேலே முன்னும் பின்னுமாக இரண்டு இழை இருக்கும். காது வர வேண்டிய இடத்தில் முன் இழையில் மட்டும் காதைப் பின்ன வேண்டும். கரடிக்கு ஒரு சிறிய அரைவட்டம், பூனைக்கு முக்கோணம், முயலுக்கு நீளமாக. சிங்கம் என்றால் சுற்றிலும் முன் இழையில் வளைவு வளைவாகப் பிடரி. அப்புறம் நிறம் மாற்றி, பின் இழையில் சதுரத்தைத் தொடர வேண்டும். 36 கண்ணியை நான்காகப் பிரித்தால் பக்கத்துக்கு 9. மூலையில் உயரமான ட்ரிபிள், நடுப்பக்கத்தில் குட்டையான சிங்கிள், இடையில் அரை டபுளும் டபுளும் என்று போட்டால் ஒரே சுற்றில் வட்டம் சதுரமாகிவிடும். அதற்குமேல் வழக்கமான கிரானி சுற்றுகள்தான்.

முகம் துணியின் ஒரு பகுதியாகவே இருப்பதால் பிய்ந்துவர எதுவும் இல்லை. காதும் கண்ணியிலிருந்து வளர்ந்ததுதான், இழுத்தால் நீளுமே தவிரக் கழன்றுவராது. ஒரே அடுக்கு என்பதால் எடை குறைவு, சீக்கிரம் காயும். குறை என்னவென்றால், வட்ட முகத்துக்குப் பொருந்தும் விலங்குகள்தான் இதில் வரும். கரடி, பாண்டா, பூனை, முயல், சிங்கம், புலி, குரங்கு வரைக்கும் சரி. யானையின் நேர்முகம் வரும், ஆனால் தும்பிக்கையைத் தனியாகத் தைத்தாக வேண்டும். ஒட்டகச்சிவிங்கி, மீன், அணில், கிளி வராது. வட்டத்திலிருந்து சதுரத்துக்கு மாறும் அந்த ஒரு சுற்று புதியவர்களுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இறுக்கிப் பின்னினால் முகம் கிண்ணம் மாதிரி குழியும், தளர்த்தினால் மூலைகள் அலையும். ஒரு சதுரத்தை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டால் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, கட்டத்தாளில் படம் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று நிறம் மாற்றிப் பின்னுவது. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் டிவி கவருக்கும் வாசல் திரைக்கும் அன்னமும் மயிலும் வலைப்பின்னலாகப் பின்னிய பாட்டிமார்கள் கட்டத்தாளைப் பார்த்துத்தான் பின்னினார்கள். அந்தப் பழைய தாள்கள் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பல படங்கள் அப்படியே உதவும். ஆனால் வலைப்பின்னலையே குழந்தைப் போர்வைக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த ஓட்டைகளில் பிஞ்சு விரல்கள் மாட்டும்.

சிங்கிள் குரோஷேயில் பின்னும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. சிங்கிள் கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. 8 அங்குலச் சதுரத்துக்கு அகலத்தில் 28 கண்ணி போட்டால் உயரத்தில் 32 வரிசை போல வேண்டியிருக்கும். 28க்கு 28 என்று வரைந்த படம் பின்னி முடித்ததும் யாரோ தலையில் அமுக்கியது மாதிரி குட்டையாகத் தெரியும். படம் வரையும்போதே உயரத்தைக் கூட்டி வரைந்துவிடுவது நல்லது. மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஒவ்வொரு கட்டமும் சரியான சதுரம். ஆனால் கட்டங்கள் பெரியவை. 8 அங்குலத்தில் பதினொன்றோ பன்னிரண்டோதான் அடங்கும். அதற்குள் மீன் வரும், வாத்து வரும், யானையின் தும்பிக்கை வளைவு வராது. பெரிய படமாக ஒருவரே முழுப் போர்வையையும் பின்னுவதற்குத்தான் அது ஏற்றது.

எந்த விலங்கையும் பக்கவாட்டு உருவமாகக் காட்டிவிட முடிவது கட்டப்படத்தின் பலம். முன்பக்கத்தில் துருத்திக்கொண்டு எதுவும் இருக்காது. பலவீனம் பின்பக்கத்தில். நிறம் மாற்றும் இடமெல்லாம் ஒரு நூல் முனை. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பின்னால் நீளமாக இழை தொங்கினால் அதில் கால்விரல் மாட்டும். இழையைக் கண்ணிக்குள்ளேயே ஒளித்துக்கொண்டு போகலாம், அப்போது துணி கனத்துக் கெட்டியாகும், நூலும் கூடுதலாகச் செலவாகும். யானைக்காகவும் அணிலுக்காகவும் ஒரு போர்வையில் இரண்டு மூன்று சதுரம் இப்படி வைக்கலாம். முழுப் போர்வையும் இப்படி என்றால் குழுவில் பாதிப் பேர் நடுவிலேயே சோர்ந்துவிடுவார்கள்.

நிறத்தாலேயே விலங்கைக் காட்டுவதும் உண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வந்தால் புலி, கறுப்பும் வெள்ளையும் வரிக்குதிரை, மஞ்சளும் கறுப்பும் தேனீ. முகமே இல்லை. புதியவர்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு அது புலி என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மேடு பள்ளத்தால் காட்டும் சதுரம் தனி வகை. பாபிள் என்ற, குமிழ் மாதிரித் துருத்தும் கண்ணிகளை நெருக்கமாகப் போட்டு ஆட்டுக்குட்டியின் உடம்பைச் செய்வது இதில் பிரபலம். ஒரே நிறத்தில் பின்னினாலும் கையால் தடவினால் ஆடு தெரியும். நூல் அதிகம் குடிக்கும் என்பதால் சாதாரணமாக நான் இதை முன்னே வைப்பதில்லை. ஆனால் பார்வையற்ற குழந்தைகள் இருக்கும் பள்ளிக்கோ இல்லத்துக்கோ போர்வை போகிறது என்றால் மற்ற எல்லா முறைகளையும் தள்ளிவிட்டு இதைத்தான் எடுக்க வேண்டும். மேடாக ஆட்டுக்குட்டி, வரிவரியாகப் புலி, செதில் செதிலாக மீன் என்று சதுரத்துக்குச் சதுரம் தொடுவுணர்வு மாறும்படி அமைத்தால், அந்தப் பிள்ளைகளும் தங்கள் விரலாலேயே ஒவ்வொரு விலங்கையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

எந்த முறையானாலும் கண்ணுக்குப் பட்டன், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். பொம்மைக் கண்களை விற்கும்போது ‘சேஃப்டி ஐ’ என்று எழுதியிருப்பார்கள். பின்பக்கம் வாஷர் மாட்டி இறுக்குவதால் அந்தப் பெயர். குரோஷேயில் கண்ணி நெகிழ்ந்தால் வாஷரோடு சேர்ந்து அந்தக் கண் வெளியே வரும். அமெரிக்க விதிப்படி 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் சிறு பாகம் எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மையில் இருக்கவோ அதிலிருந்து கழன்று வரவோ கூடாது, தொண்டையில் சிக்கும் என்பதால். சட்டைப் பட்டன்கூட அதற்குள் அடங்கிவிடும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். மூடிய கண்ணாக ஒரு வளைகோடு போட்டால் இரண்டு நிமிட வேலை, விலங்கு தூங்குவது மாதிரியும் இருக்கும்.

தொடக்கத்துக்கு, முனையை இழுத்தால் சுருங்கும் நூல் வளையமான மேஜிக் ரிங்கைவிட நாலு செயினை (சங்கிலிக் கண்ணியை) வளையமாக்கி அதன் முனையின் மேலேயே பின்னிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். மேஜிக் ரிங்கின் முனையைச் சரியாகச் செருகாவிட்டால் துவைப்பில் நடு வாய்திறந்துவிடும். விலங்குச் சதுரத்தில் அந்த நடுதான் மூக்கு. நூல் முனைகளைப் பதினைந்து சென்டிமீட்டராவது விட்டு, மூன்று திசையில் செருகுங்கள்.

நூல் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். வர்த்மான், ஓஸ்வால், கங்கா என்று எதை வாங்கினாலும் சுற்றியிருக்கும் தாளைப் படித்து வாங்குங்கள். தாள் கிழிந்த நூல் என்றால் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கலாம். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும், கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும்.

அசல் கம்பளியைக் கொடைப் போர்வைக்கு நான் ஒதுக்கிவிடுகிறேன். வெந்நீரில் மற்ற துணிகளோடு போட்டு அலசினால் சுருங்கி அட்டையாகிவிடும், சில குழந்தைகளுக்கு உடம்பில் அரிக்கவும் செய்யும். போட்டி அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் இடையில்தான். அக்ரிலிக் லேசானது, விலை குறைவு, சாயம் போகாது, அடைமழைக் காலத்திலும் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர்களுக்குப் போகும் போர்வைக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அது நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்புக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் படுக்கிற வீடுகளுக்கு என்று தெரிந்தால் பருத்திக்கு மாறிவிட வேண்டும். பருத்தி கனம், விலையும் கூடுதல், காயவும் நேரம் எடுக்கும். சென்னை, மதுரை வெயிலில் உடம்பில் ஒட்டாமல் இருக்கும், ஆஸ்பத்திரி சலவையின் சூட்டையும் தாங்கும். அக்ரிலிக் அந்தச் சூட்டில் தளர்ந்து தொளதொளவென்று ஆகிவிடலாம். பருத்தியில் சிவப்பும் கருநீலமும் வெள்ளைப் பாண்டா முகத்தில் சாயம் ஏற்றிவிடும். ஈர வெள்ளைத் துணியில் நூலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பளபளப்பான வெல்வெட் நூல் பொம்மைக்கு அழகு, போர்வைக்கு வேண்டாம். இழை உதிரும், குழந்தை வாயில் வைக்கும்.

எந்த விலங்கு என்பதிலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் ஆந்தையும் நரியும் பன்றியும் நிறைய வரும். நம் பக்கத்தில் ஆந்தையை அபசகுனமாக நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பன்றி முகம் இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சங்கடம் தரும். அந்த நம்பிக்கை நமக்கு இருக்கிறதா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை, வாங்கிக்கொள்ளும் அம்மா தயங்காமல் பிள்ளைக்குப் போர்த்த வேண்டும். முயல், கரடி, பூனை, யானை, சிங்கம், அணில், மீன் என்று எல்லோருக்கும் பொதுவானவை போதுமான அளவு இருக்கின்றன.

அளவை முடிவு செய்யும்போது பெரிய அமைப்புகள் எப்படிச் செய்கின்றன என்று பார்ப்பது உதவும். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ 7க்கு 9 அங்குலத் துண்டுகளைக் கேட்டு வாங்கி இணைக்கிறது. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காக உலகம் முழுவதிலிருந்தும் சதுரங்களைப் பெறும் ‘நிட் எ ஸ்கொயர்’ கேட்பது 8 அங்குலம். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தபோதும், எத்தனையோ பேர் தனித்தனியாகப் பின்னியதைச் சேர்த்துத்தான் அந்த அளவு வந்தது. ஆளுக்கு ஆள் கை மாறும் வேலையில் அளவு ஒன்றாக இருந்தால்தான் காரியம் நடக்கும்.

விலங்கு முகத்துக்கு 6 அங்குலம் குறுகல், 12 அங்குலத்தில் ஒரு சதுரம் கெட்டுப்போனால் இழப்பு அதிகம். 8 அங்குலம் சரியாக இருக்கிறது. அகலத்துக்கு 5, நீளத்துக்கு 6 என்று 30 சதுரம் வைத்தால் 40க்கு 48 அங்குலப் போர்வை, பத்து வயதுப் பிள்ளை வரைக்கும் போதும். அக்ரிலிக்கில் சாதா சதுரத்துக்கு 20, 25 கிராம், விலங்குச் சதுரத்துக்கு 30 கிராம் என்று கணக்கு வைத்து, இணைக்கவும் பார்டருக்கும் சேர்த்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே முடியும். முப்பதிலும் விலங்கு வைக்க வேண்டியதில்லை. பத்து விலங்கு, இருபது சாதா என்பது என் கணக்கு. முப்பது முகமும் சேர்ந்தால் எந்த முகமும் கண்ணில் நிற்காது, வேலையும் முடியாது. புதியவர்களுக்குக் கொடுக்கச் சாதா சதுரங்களும் வேண்டும் அல்லவா.

குழுவில் எல்லோருக்கும் ஒரே ஊசி எண், ஒரே பேட்டர்ன் என்று சொன்னாலும் சதுரங்கள் ஏழரையிலிருந்து எட்டரை அங்குலம் வரைக்கும் வந்து சேரும். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே என்பது அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள். அதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த தீர்வு, எல்லோரும் கடைசிச் சுற்றை விட்டுவிட்டு 7 அங்குலத்தில் நிறுத்திக் கொடுத்துவிடுவது. ஒரே ஒருவர், ஒரே நிற நூலில் எல்லாச் சதுரங்களுக்கும் கடைசிச் சுற்றைப் போட்டு, போடும்போதே பக்கத்துச் சதுரத்தோடு இணைத்துக்கொண்டும் வர வேண்டும். சின்னச் சதுரத்துக்கு ஊசியைக் கொஞ்சம் தளர்த்தி, பெரியதற்கு இறுக்கிச் சரிக்கட்டிவிடலாம். அளவும் சீராகும், இணைப்பும் முடியும். ஊசி நூலால் தைத்து இணைத்தால் பார்வைக்கு நேர்த்தி, ஆனால் ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையே பிரியும். சிங்கிள் குரோஷேயால் இணைத்தால் மேடாகத் தெரிந்தாலும் உறுதி அதிகம். கைக்கு எளிது என்றால் அதையும் செய்யலாம்.

இத்தனைக்கும் முன்னால், போர்வை போகும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எத்தனை வயதுப் பிள்ளைகள், எப்படித் துவைப்பார்கள், என்ன நூல் ஏற்பார்கள் என்று. சில வார்டுகளில் வெளியிலிருந்து வரும் துணியையே எடுப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. பச்சிளம் குழந்தைகள் இருக்கும் பிரிவு கேட்டால், தூங்கும்போது போர்த்துவதற்கு இல்லை, விழித்திருக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளத்தான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குளிர்காலத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஆவணிக்குள் சதுரங்கள் சேர்ந்துவிட வேண்டும். புரட்டாசியில் இணைத்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போட்டுவிடலாம். வாசனைத் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம். காய்ந்ததும் ஒவ்வொரு காதையும் ஒவ்வொரு நூல் முனையையும் கொஞ்சம் பலமாகவே இழுத்துப் பாருங்கள், நெகிழ்வதை அங்கேயே திரும்பச் செருகுங்கள். என்ன நூல், எப்படித் துவைப்பது என்று தமிழில் இரண்டு வரி எழுதி ஒரு துணித் துண்டில் தைத்துவிட்டு, இணைத்த நிறத்தில் சில மீட்டர் நூலையும் சின்னக் கண்டாகச் சுற்றிப் போர்வையோடு சேர்த்துக் கொடுங்கள்.